தனக்கோடி மேல் இரண்டு பிராது

நான் வியட்நாமிலிருந்து வந்து இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கம்மா கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்று, "கட்டிட்டேன்டி. இனிமே அவன் பாடு, சாமி பாடு" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, ஒனக்கு அறிவிருக்குதா? நான்தான் சென்டருக்கு மெயிலு மேல மெயிலா அனுப்பிக்கிட்டு இருக்கேன் இல்ல?"

"பதிலு வந்துதா?"

வரவில்லை. அதனால் இன்னும் கத்தினேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பிராது என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தை ஒட்டி மணவாளநல்லூரில் இருக்கிறார் கொளஞ்சியப்பர். நகை காணோம், வாங்கிய பணத்தைத் தரவில்லை, புருஷன் அடிக்கிறான், எதுவானாலும் சரி. இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று ஒரு தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட வேண்டும். மூன்று நாள், தப்பினால் மூன்று வாரம், அதுவும் தப்பினால் மூன்று மாதத்துக்குள் வழக்கு முடிந்துவிடும் என்பார்கள். முடிந்ததும் மறக்காமல் போய் வாபஸ் வாங்கிவிட வேண்டும். இதற்கு ஒரு சின்னக் கட்டணம் உண்டு. பிராது கொடுப்பவர் ஊரிலிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரமோ, அந்தக் கிலோமீட்டர் கணக்குக்குத் தக்கபடி.

அந்தக் கட்டணத்தில்தான் எங்கம்மா அங்கே ஒரு கச்சேரியே நடத்தியிருக்கிறாள்.

"எழுதுறவரு எந்த ஊருன்னாரு. விருத்தாசலமுன்னேன். சில்லற குடு போதும்னாரு. அதெப்பிடிங்க, தப்பு நடந்தது வியட்நாமுலன்னேன். அது கணக்குல வராதும்மா, நீ எங்கேருந்து வரியோ அதான் கணக்குன்னாரு. நான் வுடல."

"என்னா வுடல?"

"சாமி அம்மாந் தொலவு போவணுமில்ல? படி குடுக்காம அனுப்பிச்சா பாதி வழியில நின்னுட்டா யாரு கேக்கறது? பின்னால நின்ன பையன போன்ல தூரம் பாக்கச் சொன்னேன். மூவாயிரத்துச் சொச்சமாம். அத்தினிக்கும் கட்டிட்டேன். ரசீதுல எழுத மாட்டேன்னாங்க. உண்டியல்ல போட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கையில் இருந்த கடைசிக் காசில் சாமிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு டிக்கெட் எடுக்கத்தான் வழியில்லை.

என் பெயர் துர்கா. அப்பா நான் ப்ளஸ் டூ படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா திரௌபதி பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளுக்குப் பிசிறு சீவி, பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்புவது. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட். இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மாவின் சங்கிலியையும் தோட்டையும் அடகு வைத்து, ஆன்லைனில் ஒரு சான்றிதழ் படிப்பும் முடித்து, ஹைஃபோங் என்ற துறைமுக ஊருக்கு, ஒரு டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

அங்கே சம்பளம் மணிக்கணக்கு. வகுப்பு நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளியில் பரீட்சை என்றால் எனக்கு வயிற்றில் ஈரத்துணி. அவர்களுடைய புத்தாண்டு வந்தால் ஊரே கடையைச் சாத்தும், என் வருமானமும் சேர்ந்து சாத்திக்கொள்ளும். அந்த ஊர்ப் பணத்துக்கு டோங் என்று பெயர். நல்ல மாதத்தில் எனக்கு இரண்டு கோடி டோங் வரும். நம் காசுக்கு அறுபத்தைந்தாயிரம், எழுபதாயிரம். ஒருநாள் வாய் தவறி இதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே கம்பெனி முழுக்கத் திரௌபதி மகளுக்கு மாசம் ரெண்டு கோடி சம்பளம். அந்த மாதம் மட்டும் மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு காதுகுத்து. மொய் வைத்தே அம்மா ஓய்ந்தாள்.

அந்த இரண்டு கோடியை நான் பிரித்த பிரிப்பு எனக்குத்தான் தெரியும். கையில் விழுந்த அன்றைக்கே மூன்று பங்கு. ஒன்று அறை வாடகை, சோறு. ஒன்று வீட்டுக்கு. ஒன்று விசாவுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருதரம் பஸ்ஸில் எல்லை வரை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு ஒதுக்காமல் விட்டால் கடன்தான். காப்பிக் கடைப் பக்கம் போனதில்லை. முட்டையும் சோறும் தின்று தின்று எனக்கே இறகு முளைத்துவிடும் போல இருந்தது.

இதில் ஒரு சிக்கல். எனக்கு முறையான வேலை அனுமதி கிடையாது. அது இல்லாமல் அங்கே பேங்கில் கணக்குத் திறக்க முடியாது. என்னையும் சேர்த்து அப்படி ஐந்து தமிழ் டீச்சர்கள். எங்கள் ஐந்து பேர் சம்பளத்தையும் சென்டர்காரர்கள் ஒரே கணக்கில் போடுவார்கள். அது தனக்கோடியின் கணக்கு. வேப்பூர்க்காரன், எங்களுக்கு முன்னாலேயே போய் அனுமதியெல்லாம் வாங்கி, டீம் லீடர் ஆகியிருந்தான். அவன்தான் எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பான், ஊருக்கும் அனுப்பிவைப்பான். நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன் இருக்கிறானே என்று நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் தெரியுமா! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்ற யோசனை ஒரு நாள்கூட வரவில்லை.

புத்தாண்டு முடிந்து வகுப்பு தொடங்கியது. அந்த மாதச் சம்பளம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தனக்கோடியைக் கேட்டால், "எனக்கே வரல தங்கச்சி, டீக்குக்கூடக் காசில்ல. சென்டரு முழுகப் போவுது" என்றான். சென்டரில் இருந்த பெண்ணைக் கேட்டால், போனில் மொழிபெயர்த்து, நாங்கள் அவரிடம் கொடுத்துவிட்டோம், அவரைக் கேளுங்கள் என்று காட்டினாள். அதைத் தனக்கோடியிடம் சொன்னேன். "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நம்பிடாத" என்றான். மூன்றாவது மாதமும் போனது. யார் பொய் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. அறை வாடகைக்கும் வழியில்லாமல், வேறு சென்டரில் இருந்த மதுரைப் பெண் ஒருத்தியிடம் கைமாற்று வாங்கித்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊருக்கு வந்தும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அங்கே மணி இங்கேயைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அந்தக் கணக்கிலேயே விழிப்பு வரும், அந்தக் கணக்கிலேயே பசிக்கும். போனை எடுப்பேன், வைப்பேன். ஜங்ஷன் வரை நடப்பேன், திரும்புவேன். எதிரில் வந்தவர்கள், "என்னா துர்கா, எப்பப் போற?" என்பார்கள். எரிச்சலாக வரும்.

எப்போது போவது என்பதுதான் கேள்வியே. டா நாங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் என்னை எடுத்திருந்தது. முறையான அனுமதி, மாதச் சம்பளம், என் பெயரிலேயே பேங்க் கணக்கு. என் பட்டத்துக்குச் சான்றொப்பம் வாங்கவும் டிக்கெட்டுக்கும் ஒரு லட்சம் கிட்ட வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள் டிக்கெட்டைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடகு வைக்க வீட்டில் இனி அம்மிக்கல்தான் பாக்கி. தனக்கோடியிடம் நின்றுபோன என் மூன்று மாதச் சம்பளம் வந்தால் விமானம். வராவிட்டால் பழைய மெட்ரிக் பள்ளி. அந்தத் தாளாளர் போன் செய்து, "வாம்மா, ஐந்நூறு ஏத்தித் தரேன்" என்று சொல்லியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் அம்மா பிராது கட்டினாள்.

"சாமி என்னாம்மா பண்ணும்? ஹைஃபோங்குல போயி அவன் சட்டையப் புடிக்குமா?"

"சாமி பாதி பண்ணும். ஊரு பாதி பண்ணும். நீ பேசாம இரு" என்றாள் அம்மா.

ஊர் தன் பாதியைச் செய்தது. கம்பெனியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு சீவுகிறவளின் நாத்தனார் வேப்பூரில் வாக்கப்பட்டிருந்தாள். அது போதாதா!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அறுபது வயசு இருக்கும். வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"திரௌபதி வூடு இதுதானுங்களா?"

"ஆமா, நீங்க?"

"வேப்பூருலேருந்து வரேன். அம்சவல்லின்னு பேரு. தனக்கோடியோட அம்மா."

நான் கதவுப்பிடியை விடவில்லை. அம்மாதான் பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு ஓடிவந்து, "வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். பிராது கட்டியபோது இருந்த வீறாப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாற்காலி போட்டும் அந்த அம்மாள் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, துணிப்பையை அம்மா பக்கம் நகர்த்தினாள். "நம்ம கொல்லையில வெளஞ்ச உளுந்து. கொஞ்சந்தான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, நீதான் துர்காவா? நீ பிராது கட்டிட்டன்னு சந்தையில சொன்னாங்க. அன்னிலேருந்து எனக்கு சோறு எறங்கல. ஒத்தப் புள்ள. கண்காணாத தேசத்துல கெடக்கறான். அவன கொண்டுபோயி கொளஞ்சியப்பரு கையில குடுத்துட்டியே. அவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போவேன்? வாபஸு வாங்கிடு கண்ணு. ஒன் கால்ல வேணா வுழறேன்."

"காலுல எல்லாம் வுழ வேணாங்க. பணம் வரட்டும். வாங்கிக்கிறேன்."

"அவன்கிட்ட இருந்தா குடுக்க மாட்டானா? அவன் அப்பிடியாப்பட்ட புள்ள இல்ல கண்ணு."

"எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க."

"துர்கா!" என்றாள் எங்கம்மா.

அம்சவல்லிக்குக் கோபம் வரவில்லை. மகனின் நல்ல குணத்தை எனக்கு நிரூபித்தே தீர வேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் தவறுனது இல்ல கண்ணு. வேப்பூருல யார வேணா கேளு. மாசியில என் கண்ணு ஆப்ரேசனுக்கு அனுப்பிச்சான். பங்குனியில செவுரு எழும்புச்சி. சித்திரையில காங்கிரீட்டு போட்டோம். கம்பி, சிமிட்டி, ஆளு கூலி எல்லாம் சேத்து மூணேகால் லச்சம். ஒரே தடவையில போட்டான்! மேஸ்திரியே அசந்துட்டாரு. பெத்தவள இப்பிடிப் பாக்கற புள்ள அடுத்தவங்க காசத் திம்பானா, நீயே சொல்லு?"

அம்மா கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

மாசி, பங்குனி, சித்திரை. தனக்கோடிக்கு டீக்குக்கூடக் காசில்லாத அதே மூன்று மாதம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். மாட்டினான்! இத்தனை நாளாகச் சென்டர்காரியா இவனா என்று மண்டை காய்ந்தது தீர்ந்தது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் ஐந்து பேர் உழைப்பில் தளம் போட்டிருக்கிறான். பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்படி நான் "ஏ ஃபார் ஆப்பிள்" கத்திய கத்தெல்லாம் வேப்பூரில் சிமெண்டாகிப் போயிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிற அந்தக் கண்ணுக்குள் வைத்த லென்ஸும் யார் சம்பளமோ.

என் முகம் மாறியதை அவள் கவனித்துவிட்டாள். "ஏங்கண்ணு, என்னா?"

"எங்க அஞ்சு பேரு சம்பளமும் ஒங்க புள்ள கணக்குலதான் வந்து வுழும். அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதே."

"மாசியிலேருந்து ஒரு ரூவாகூட வரல, டீக்குக் காசில்லன்னு அவரு சொன்னாரு. அதுவாச்சும் தெரியுமா?"

"எம் புள்ளையா? அவன் ஏன் அப்பிடிச் சொல்லப் போறான்?"

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் ஆயிற்றே! போனை எடுத்து, அவன் எனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவைத் தேடிப் போட்டேன். தனக்கோடியின் குரல் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் கணீரென்று கேட்டது.

"தங்கச்சி, எங்கம்மா தலையில அடிச்சி சத்தியம் பண்றேன். மாசியிலேருந்து எனக்கு ஒத்தக் காசு வரல. ஒங்களுக்குத் தெரியாம நான் ஏதாச்சும் வச்சிருந்தா, எங்கம்மா நல்லா இருக்க மாட்டாங்க. போதுமா?"

எங்கம்மா, "அய்யோ, நிறுத்துடி" என்றாள். அதற்குள் முடிந்துவிட்டது.

அம்சவல்லி போனைக் காட்டி, "இன்னொரு தரம் போடு" என்றாள். எனக்குக் கை வரவில்லை. "போடு கண்ணு" என்றாள். போட்டேன். இரண்டாம் முறை கேட்கும்போது அவள் கை தானாகப் போய் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தது. அதைப் பார்த்ததும் நான் செய்தது எனக்கே பிடிக்கவில்லை.

"கோயிலு வரைக்கும் வா. ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்று எழுந்தாள்.

"அக்கா, நீங்க மனசு நோவாதீங்க. நாங்க வாபஸு வாங்கிடறோம்" என்றாள் அம்மா.

நான் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், கூடம் வரை கேட்கும் என்ற நினைப்பே இல்லாமல் கத்தினேன். "யாரக் கேட்டு வாக்கு குடுக்கற? அப்ப என் சம்பளம்? இருவத்தஞ்சாந் தேதி? நான் திரும்பவும் ஒம்பதாயிரத்துக்குப் போவணுமா?"

"அந்தம்மா மூஞ்சியப் பாருடி."

"பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்றேன். நான் வாங்க மாட்டேன்."

ஆட்டோவில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனோம். அந்த அம்மாள் அழுவாள், காலில் விழுவாள், சாமி முன்னால் என்னைச் சங்கடப்படுத்துவாள், நான் அசையக் கூடாது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது காரணமே இல்லாமல் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பிராது எழுதும் இடத்தில் பத்துப் பேர் நின்றார்கள். அம்சவல்லி வரிசையில் நிற்காமல் ஒரு தூண் பக்கமாகப் போய், "மொகம் தெரியறாப்ல அவனப் புடிச்சிக் குடு" என்றாள்.

வீடியோவில் அழைத்தேன். இத்தனை நாள் என் அழைப்பை எடுக்காதவன் அன்றைக்கு எடுத்தான். திட்டலாம் என்று எடுத்தானோ என்னவோ. திரையில் தன் அம்மாவைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றது.

"அம்மா? நீ எங்க துர்காவோட?"

"எந்த எடமுன்னு தெரியுதா?" அவள் போனைத் திருப்பிக் கோயிலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"தெரியுது."

"இந்தப் பொண்ணுங்க காசு ஒங்கிட்ட இருக்குதா, இல்லியா?"

"அது அப்பிடி இல்லம்மா. நான் திருப்பிக் குடுக்கலாமுன்னுதான். வூட்டு வேல பாதியில நிக்குதேன்னு கொஞ்ச நாளைக்குப் பொரட்டிக்கிட்டேன். ஆவணிக்குள்ள எல்லாருக்கும்..."

"அப்ப என் தலையில எதுக்குடா அடிச்ச?"

அவன் கண் அங்கும் இங்கும் போனது.

"அம்மா, இங்க சிக்னலு சரியில்ல" என்றான். வைத்துவிட்டான்.

அவள் போனை என்னிடம் கொடுத்தாள். நேராக எழுதும் மேசைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். நான் வாபஸ்தான் கேட்கப் போகிறாள் என்று, மறுத்துச் சொல்ல வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"ஐயா, எனக்கு ஒரு பிராது எழுதணும்."

மேசையில் இருந்தவர், "யாரு மேலம்மா?" என்றார்.

"எம் புள்ள மேல."

அவர் தலையை நிமிர்த்தினார். "பெத்த புள்ள மேலயா? வூட்டுச் சண்டைய வூட்டுல பேசி முடிச்சிக்கலாமேம்மா."

"பேசிட்டேன்" என்றாள் அம்சவல்லி.

எங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் தாளை நீட்டினார். அவளுக்கு எழுதத் தெரியாது. அதை அப்படியே வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"நீதான் வாத்தியாராச்சே. எழுது கண்ணு."

தூண் ஓரமாக உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் அவர்களுக்கு, வேப்பூரில் இருக்கும் அம்சவல்லி எழுதிக்கொண்ட பிராது. இதற்குள் போன் அதிரத் தொடங்கியது. தனக்கோடி. நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"எடுக்காத. எழுது" என்றாள்.

பிறகு ஒரு செய்தி வந்தது. படித்தேன். சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. "ஒங்கள எழுத வேணாமுன்னு சொல்லச் சொல்றாரு. இன்னிக்கே பாதி போட்டுடறாராம்."

"பாதியா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுது."

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல் மாற்றாமல். இந்தப் பெண் துர்காவும் இன்னும் நாலு பேரும் சம்பாதித்த காசை என் மகன் தனக்கோடி எடுத்து வீடு கட்டிவிட்டான். இருபத்தைந்தாம் தேதிக்குள் அவன் அதை முழுசாகக் கொடுக்க வேண்டும். தளத்தோடு வீட்டை விற்க வேண்டி வந்தாலும் சரி, கொடுக்க வேண்டும். எனக்கு அந்த வீடு வேண்டாம்.

இன்னொரு செய்தி. அவன் சொன்ன பாதியில் பாதி, ஐம்பதாயிரம், என் கணக்கில் விழுந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா அம்சவல்லியின் தோளைத் தொட்டு, "அக்கா, காசு வருதுக்கா. போதும், நிறுத்திடலாம்" என்றாள்.

"மத்த நாலு பேருக்கு?" என்றாள் அவள். "இன்னும் ஒண்ணு இருக்குது கண்ணு. எழுது."

"சொல்லுங்கம்மா."

"அவன் என் தலையில அடிச்சி பொய்ச் சத்தியம் பண்ணிட்டான். பொய்ச் சத்தியத்துக்கு என்னா உண்டோ, அத்தினியும் எனக்கே வரட்டும். அவன் சொன்னாப்ல என் தலையிலயே எறக்கிக்க சாமி. புள்ள மேல கைய வைக்காத. இத எழுது."

பேனா நின்றுவிட்டது. எங்கம்மா அழுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளாக அவன் நாசமாகப் போகட்டும், கை கால் விளங்காமல் போகட்டும் என்று விடிந்தால் எழுந்து சபித்தவள் நான். அந்தச் சாபத்துக்குக் குறுக்கே இந்த அம்மாள் வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு வா என்கிறாள். அதையும் என் கையாலேயே எழுதச் சொல்கிறாள். என்ன ஜென்மம் இது என்று அவள்மேல் கோபம்கூட வந்தது.

"எழுதறியா?" என்றாள். ஆப்ரேஷன் செய்த கண்ணால் என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பேனா ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரியுமே.

எழுதினேன். இரண்டு வரி.

"படிச்சிக் காட்டு."

முதலிலிருந்து படித்தேன். வேப்பூர், அம்சவல்லி, தனக்கோடி, துர்கா, இருபத்தைந்தாம் தேதி. கடைசி வரிக்கு வந்தேன். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், குரல் நடுங்காமல், அவள் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். "பொய்ச் சத்தியத்துக்கு என்ன உண்டோ, அத்தனையும் எனக்கே வரட்டும். என் தலையிலேயே இறக்கிக்கொள் சாமி. என் பிள்ளை மேல் கையை வைக்காதே."

"அப்பிடியே எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேம்மா."

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். மேசையில் மை வாங்கிப் பெருவிரலை உருட்டினாள். தாளை இரு கையிலும் ஏந்தி, அதைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு சன்னதிக்குள் நடந்தாள். நானும் அம்மாவும் வெளியே நின்றோம்.

"ஏன்டி, அந்தக் கடைசி வரிய நெசமாவே எழுதினியா?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

நான் எழுதியிருந்தது இதுதான்: "அந்தச் சத்தியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது."